வரி எங்கே, வாக்கு எங்கே?

“தம்பி, என் மகன் மெல்பர்ன்ல வேலை செய்றான். அங்கயே பிரஜாவுரிமை எடுக்கலாம்னு கூட்டாளிங்க சொல்றாங்களாம். எடுத்தா ரெண்டு நாட்டுக்கும் வரி கட்டணுமா? இங்க உள்ள உரிமையெல்லாம் போயிடுமா?”

வானொலியில் நான் நடத்தும் நிகழ்ச்சிக்கு அழைத்து இப்படிக் கேட்டவர், கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா. நேரலையில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் பதில் இல்லை இது. பிறகு ரிங்லெட் பக்கம் போயிருந்தபோது அவர் வீட்டுக்கே சென்று பேசினேன். அங்கே இன்னொருவரும் இருந்தார். அந்த அக்காவின் மாமியார். எண்பது வயதைத் தாண்டியவர். சின்ன வயதில் பெற்றோருடன் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். இன்றும் அவர் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டைதான்.

பேரனுக்கு இரண்டு நாடுகள் கைநீட்டுகின்றன. பாட்டிக்கோ எந்த நாட்டிலும் ஓட்டு இல்லை. ஒரே வீட்டில் இருக்கும் இந்த இரண்டு நிலைமைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரியும் குடியுரிமையும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது புரியும்.

பேரனின் கணக்கு

முதலில் அக்காவின் கேள்விக்கு வருவோம். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஒருவர் தானே விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், கூட்டரசு அரசியலமைப்பின் 24ஆவது பிரிவின்படி அவருடைய மலேசியக் குடியுரிமையை அரசாங்கம் பறிக்கலாம். ‘யாருக்கும் தெரியாமல் இரண்டு கடப்பிதழும் வைத்துக்கொள்ளலாம்’ என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம்.

வரி விஷயம் வேறு. மலேசியாவில் வருமான வரி, கடப்பிதழைப் பார்த்து வருவதில்லை. வசிப்பிடத்தைப் பார்த்து வருகிறது. பொதுவாக ஓர் ஆண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இங்கே இருந்தால் நீங்கள் வரிக் கணக்கில் ‘வசிப்பவர்’. மெல்பர்னில் வாழ்ந்து அங்கேயே சம்பாதிக்கும் மகன், மலேசியக் குடிமகனாகவே இருந்தாலும், அந்தச் சம்பளத்துக்கு இங்கே வரி கட்ட வேண்டியதில்லை. அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்துக்கும் இங்கே வரி இல்லை.

ஆனால் ஒரு சங்கதியைப் பலர் கவனிப்பதில்லை. வெளிநாடு போவதற்கு முன் ஈப்போவிலோ கிள்ளானிலோ ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்பார்கள். அந்த வாடகை மலேசியாவில் கிடைக்கும் வருமானம். வசிக்காதவர் என்ற முறையில் அதற்கு 30 விழுக்காடு வரி. செலவுகளைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் இங்கே வசிப்பவருக்குக் கிடைக்கும் தனிநபர் வரிச் சலுகைகள் கிடையாது. குடியுரிமையை விட்டுவிட்டாலும் இந்த வரி தொடரும், ஏனென்றால் வீடு இங்கேதான் நிற்கிறது.

கடப்பிதழைத் துரத்தும் வரி

எல்லா நாடும் இப்படி இல்லை. அமெரிக்கா தன் குடிமக்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் கணக்குக் காட்டச் சொல்கிறது. வெளிநாட்டில் உழைத்துப் பெறும் சம்பளத்துக்கு ஒரு வரம்பு வரை விலக்கு உண்டு. ஆனாலும் ஆண்டுதோறும் படிவம் நிரப்ப வேண்டும். 2010இல் வந்த ‘ஃபட்கா’ சட்டத்துக்குப் பிறகு, வெளிநாட்டு வங்கிகளே அமெரிக்கர்களின் கணக்கு விவரங்களைத் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

இதில் சிக்கியவர்களில் பிரபலமானவர் போரிஸ் ஜான்சன். நியூயார்க்கில் பிறந்து சிறுவனாக இருந்தபோதே பிரிட்டன் போய்விட்டவர். அவர் லண்டன் மேயராக இருந்தபோது, லண்டன் வீட்டை விற்றதில் கிடைத்த லாபத்துக்கு அமெரிக்கா வரி கேட்டது. கட்ட மாட்டேன் என்று 2014இல் சொன்னவர், பிறகு கட்டினார். 2016இல் அமெரிக்கக் குடியுரிமையையே விட்டுவிட்டார்.

ஆப்பிரிக்காவின் எரித்திரியா, வெளிநாட்டில் வாழும் தன் மக்களிடம் 2 விழுக்காடு வரி கேட்கிறது. அந்த வசூலை மிரட்டல், மோசடி போன்ற வழிகளில் செய்வதை நிறுத்த வேண்டும் என்று 2011இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. இரண்டு நாடுகளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெளிநாட்டில் வாழும் அமெரிக்கர் தம் நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கலாம். எரித்திரியாவில் 1993இல் சுதந்திரம் பெற்றதிலிருந்து தேசியத் தேர்தலே நடக்கவில்லை. வரி மட்டும் கடல் தாண்டி வருகிறது, வாக்கு வருவதில்லை.

இந்தியாவும் இந்தப் பாதையில் ஓர் அடி வைத்தது. 2020 வரவு செலவுத் திட்டத்தில், வேறு எந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமகனை இந்தியாவில் வசிப்பவராகவே கருதலாம் என்ற விதி வந்தது. வருமான வரியே இல்லாத வளைகுடா நாடுகளில் உழைக்கும் லட்சக்கணக்கானோர் பதறிப்போனார்கள். அங்கே அவர்கள் வேலை செய்து ஈட்டும் சம்பளத்துக்கு வரி இல்லை என்று அரசு விளக்கம் தந்தது. இந்தியாவிலிருந்து 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களோடு அந்த விதி நிறுத்தப்பட்டது. வளைகுடாத் தொழிலாளிக்கு இந்தியாவில் வாக்குரிமை உண்டு. ஆனால் ஊருக்கு நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். விமானச் சீட்டு வாங்க முடிந்தவருக்குத்தான் அந்த உரிமை பயன்படும்.

நம்மில் பலர் வைத்திருக்கும் ‘ஓசிஐ’ அட்டையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெயரில் குடியுரிமை இருந்தாலும் அது குடியுரிமை அல்ல. நீண்டகால விசா போன்றது. அதை வைத்து இந்தியாவில் வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அட்டை இருப்பதாலேயே இந்திய வருமான வரியும் வராது.

பாட்டியின் கணக்கு

இப்போது அந்தப் பாட்டியிடம் வருவோம். கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். ‘பாரத்’ தோட்டம் 1933இல் வந்தது. காட்டை அழித்துச் செடி நட்டவர்களில் நம்மவர்கள் ஏராளம். 1957இல் நாடு சுதந்திரம் பெற்றபோது குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வாய்ப்பு இருந்தது. ‘எப்படியும் ஊருக்குத் திரும்பிவிடுவோம்’ என்று இருந்தவர்களும், படிவம் நிரப்பத் தெரியாதவர்களும் அதைத் தவறவிட்டார்கள். 1969இல் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டே போனார்கள். மிஞ்சியவர்களில் பலர் சிவப்பு அட்டையோடு தங்கிவிட்டார்கள்.

பாட்டியின் சம்பளம் என்றுமே வருமான வரி கட்டும் அளவுக்கு எட்டியதில்லை. அதற்காக அவர் வரி கட்டாதவர் என்று சொல்ல முடியுமா? 2015 முதல் 2018 வரை ஜிஎஸ்டி இருந்தபோது, கடையில் அவர் வாங்கிய பல பொருள்களுக்கு 6 விழுக்காடு கட்டினார். இப்போது விற்பனை, சேவை வரியில் தம் பங்கைக் கட்டுகிறார். ஆனால் அரசாங்கத்தின் ரொக்க உதவித்தொகை குடிமக்களுக்குத்தான். வாக்கும் அப்படியே.

வாக்கின் மதிப்பு கேமரன் மலைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். 2013 பொதுத்தேர்தலில் இந்த நாடாளுமன்றத் தொகுதியின் முடிவு 462 வாக்கு வித்தியாசத்தில் அமைந்தது. 2018இல் 597. அந்த வெற்றியையும் நீதிமன்றம் ரத்து செய்ய, 2019 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்தது. இவ்வளவு நெருக்கமான தொகுதியில், சிவப்பு அட்டைக்காரர்கள் வாழும் லயத்துக்கு வேட்பாளர் எத்தனை முறை வருவார்?

2013 தேர்தலில்தான் வெளிநாட்டில் வாழும் மலேசியர்களுக்கு அஞ்சல் வாக்கு பரவலாகத் திறந்துவிடப்பட்டது. இங்கே வருமான வரி கட்டாத பேரன் மெல்பர்னிலிருந்து வாக்களிக்கலாம். இங்கேயே வாழ்ந்து வரி கட்டும் பாட்டியால் முடியாது. பேரனின் வாக்கு தவறு என்று நான் சொல்லவில்லை. அவன் குடிமகன், அவனுடைய குடும்பம் இங்கே இருக்கிறது. ‘வரி கட்டினால்தான் வாக்கு’ என்று தொடங்கினால் ஏழைகளின் வாக்குதான் முதலில் போகும். வரியையும் வாக்கையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது. ஆனால் ஒரு வாழ்நாள் முழுக்க இங்கே உழைத்தவருக்கு வாக்கு இல்லாததற்கும் நியாயம் இல்லை.

அடுத்த தலைமுறை

2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தத்தை நாம் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய், தந்தையைப் போலவே தம் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தரலாம் என்றது அது. பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற உரிமை. அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்த குடியுரிமையை நீக்கியது. இந்தப் பாட்டியின் பிள்ளைகள் பிறந்த மண்ணின் உரிமையால் குடிமக்கள் ஆனவர்கள். இன்று பெற்றோர் இருவருமே சிவப்பு அட்டையோடு இருக்கும் வீட்டில், அந்த உறுதி பிள்ளைகளுக்கு இல்லாமல் போகிறது.

இன்னொரு பக்கம், வெளிநாட்டில் வாழும் மலேசியர்கள் சுமார் 10 லட்சம் பேர் என்று 2011இல் உலக வங்கி மதிப்பிட்டது. அவர்களில் நிபுணர்களைத் திரும்ப அழைக்க, ஐந்து ஆண்டுகளுக்கு 15 விழுக்காடு வருமான வரி என்ற சலுகையை அரசாங்கம் தந்தது. போனவரை வரிச் சலுகை கொடுத்து அழைக்கும் நாடு, போகாமல் இங்கேயே முதுமை அடைந்தவருக்கு ஒரு நீல அட்டை தருவதில் தயங்க வேண்டியதில்லை.

அந்த அக்காவிடம் நான் சொன்னது இதுதான். மகன் அவசரப்பட வேண்டாம். அங்கே நிரந்தரவாசியாக இருப்பதால் மட்டும் இங்குள்ள குடியுரிமை போகாது. அங்கே குடியுரிமை எடுப்பதென்றால், இங்கே ஊழியர் சேமநிதி, சொத்து, வாடகை வரி எல்லாவற்றையும் தெரிந்தவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும். மாமியாரின் பழைய பத்திரங்கள், தோட்டச் சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் அனைத்தையும் ஒரே உறையில் போட்டு, தேசியப் பதிவிலாகாவில் குடியுரிமை விண்ணப்பத்தைப் புதுப்பியுங்கள். எழுதித் தர நானும் கூட வருகிறேன் என்றேன்.

உங்கள் வீட்டில், உங்கள் லயத்தில் சிவப்பு அட்டையோடு ஒரு பெரியவர் இருந்தால், நீங்களும் இந்த வாரமே அந்த உறையைத் தயார் செய்யுங்கள். அடுத்த தேர்தலில் வேட்பாளர் வாக்குக் கேட்டு வரும்போது, அதன் பிரதி ஒன்றை அவரிடமும் கொடுங்கள்.