தாம்பரத்தில் கோழி வளர்க்க ஆசையா? கூண்டைத் தரையில் வைக்காதீங்க!

தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் இன்னும் பல வீடுகளின் பின்புறத்தில் ஒரு முருங்கை மரம், இரண்டு தென்னை என்று கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது. 'நாலு நாட்டுக்கோழி வளர்த்தால் வீட்டுக்கு முட்டை ஆச்சே' என்ற ஆசையும் பலருக்கு இருக்கிறது. குஞ்சு வாங்குவது சுலபம். பலரும் சறுக்குவது கூண்டில்தான்.

காரணம், இந்த ஊரின் மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. மக்கள் படகில் மீட்கப்பட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே பகுதிகளைத் தண்ணீர் சூழ்ந்தது. தரையில் பூட்டிக்கிடக்கும் கோழிகளுக்கு அப்படி ஓர் இரவில் தப்பிக்க வழியே இல்லை.

அளவு என்ன?

4 கோழிகளுக்கு 4 அடி நீளம், 3 அடி அகலம் போதும். பகலில் வெளியே மேய விட வேண்டும். கூண்டுக்கு 2 முதல் 3 அடி உயரக் கால் வையுங்கள். கால்களைத் தரையில் புதைத்துவிட்டால் கூண்டு காற்றிலும் தண்ணீரிலும் நகராது. பலகைத் தரையில் 3 அங்குலத்துக்கு உமி பரப்பி, அடிக்கடி கிளறிவிடுங்கள். ஈரமான உமியை உடனே மாற்றுங்கள். ஈரம் தங்கினால் ரத்தக் கழிச்சல் வரும்.

நீளவாக்கில் கிழக்கு மேற்காக வைத்தால் வெயில் நேராக உள்ளே அடிக்காது. தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று போடுங்கள். இல்லாவிட்டால் கத்திரி வெயிலில் கூண்டு அடுப்பாகிவிடும். கூரை சுவரைத் தாண்டி ஒன்றரை அடி நீளட்டும். வடகிழக்குப் பருவமழைச் சாரலுக்கு வடக்கிலும் கிழக்கிலும் சுருட்டிவிடும் தார்ப்பாய் கட்டலாம். நான்கு பக்கமும் மூடக் கூடாது, காற்றோட்டம் முக்கியம்.

கீரி வரும், கவனம்!

மெல்லிய கோழி வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். கீரி, பெருச்சாளி, மரநாய் உள்ளே வருவதைத் தடுக்காது. அரை அங்குல வெல்டு மெஷ்தான் பாதுகாப்பு. கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, தாழ்ப்பாளும் போடுங்கள்.

முட்டையிட ஓரடிக்கு ஓரடி பெட்டி ஒன்று போதும். கோழிகள் உட்கார்ந்து தூங்கும் கம்பு அந்தப் பெட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே தூங்கி அசிங்கம் செய்துவிடும்.

வெள்ளம் வந்தால்?

கூண்டின் கால் உயரம் தெருவில் தேங்கும் மழைநீருக்குத்தான். 2015 போல் வந்தால் போதாது. அதனால் மாடியில் ஒரு பஞ்சாரமும் கொஞ்சம் தீவனமும் தயாராக வைத்திருங்கள். மழை எச்சரிக்கை வந்த அன்றே, இருட்டிய பிறகு கோழிகளை மாற்றிவிடுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் ஓடாமல் பிடிபடும்.

சேவல் தேவையா?

முட்டைக்குத் தேவையில்லை. சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும். குஞ்சு மட்டும் பொரிக்காது. விடியற்காலைக் கூவலுக்குப் பக்கத்து வீட்டுச் சண்டையும் மிச்சம். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகள் இடும்.

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்தான் பெரிய எதிரி. ஒரே வாரத்தில் கூண்டே காலியாகிவிடும். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்து, 8-வது வாரத்தில் ஊசி என்று தடுப்பூசி அட்டவணை உண்டு. அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

பொத்தேரி அருகே காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே கோழி வளர்ப்புப் பயிற்சி தருகிறார்கள். குஞ்சு வாங்கும் முன் ஒருமுறை போய் வாருங்கள். கூண்டு தயாரான பிறகே குஞ்சு வீட்டுக்கு வரட்டும்.