சுட்ட கூட்டுக்கு மீண்டும் சூடு எதற்கு?

துப்பாக்கி வெடித்ததும் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் தீர்ந்துவிடும். மிஞ்சுவது பித்தளைக் கூடு ஒன்றுதான். தோட்டாவின் நான்கு உறுப்புகளில் பெரும்பாலும் விலை கூடியதும் அதுவே. அமெரிக்காவில் நெடுந்தூர இலக்குப் போட்டிகளில் சுடுகிறவர்கள் ஒரு கூட்டையும் விடாமல் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோவது இதனால்தான். பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, விரிந்த கூட்டை எஃகு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, எடைபோட்ட மருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துவார்கள். நல்ல கூடு பத்து முறைக்கு மேலும் உழைக்கும்.

ஆனால் சில கூடுகள் ஐந்தாறு முறையிலேயே, குண்டைக் கவ்வும் கழுத்தில் வெடிப்பு விட்டுவிடும். அங்கேதான் நெருப்பு உள்ளே வருகிறது. கழுத்தைச் சில நொடிகள் சூடேற்றி இளக்குவதை அனீலிங் என்பார்கள். அதைச் செய்யத்தான் வேண்டுமா, செய்தால் எத்தனை முறைக்கு ஒருமுறை என்பதில் இவர்களுக்குள் முடிவில்லாத வாதம்.

தோட்டாப் பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. தட்டினாலும் வளைத்தாலும் இறுகுவது இந்த உலோகத்தின் குணம். பாத்திரம் அடிக்கும் கன்னார்களுக்கு இது கைப்பழக்கமான அறிவு: சுத்தியலுக்கு அடங்காமல் தகடு விறைத்ததும் உலையில் காட்டி இளக்கிவிட்டு மறுபடி அடிப்பார்கள். தோட்டாக்கூட்டின் கழுத்துக்கும் அதே கதைதான். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் கழுத்து விரிகிறது. பிறகு அச்சு அதைச் சுருக்குகிறது. கழுத்துக்குள் போய்வரும் அச்சின் குமிழ் அதை மீண்டும் கொஞ்சம் விரிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் உலோகத்தின் படிகங்கள் நசுங்கி, கழுத்து விறைத்துக்கொண்டே போகும்.

விறைத்த கழுத்து வெடிப்பதற்கு முன்பே வேறொரு தொல்லை தருகிறது. அழுத்தினால் படியாமல் திமிறி, சற்றே பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு கூடு குண்டை இறுகப் பிடிக்கும், இன்னொன்று தளர்வாகப் பிடிக்கும். அந்த வேறுபாடு குண்டின் வேகத்தில் தெரியும். நூறு கெஜத்தில் யாருக்கும் கண்ணில் படாத வேறுபாடு, ஆயிரம் கெஜத்தில் குண்டு மேலே விழுவதா கீழே விழுவதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

உள்ளே அடைபட்ட இறுக்கம் சும்மா வைத்திருந்தாலும் பித்தளையைப் பிளக்கும் என்பதற்குச் சான்று இந்தியாவிலிருந்தே கிடைத்தது. மழைக்காலத்தில் ஆங்கிலேயப் படையின் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், குண்டைக் கவ்வியிருந்த இடத்தில் பல கூடுகள் விரிசல் கண்டிருந்தன. காரணத்தை 1921ஆம் ஆண்டில்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், இழுத்து வடித்த பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்துவதே இதற்குத் தீர்வு. பின்லாந்தின் லபுவா நிறுவனக் கூடுகளைப் புதிதாக வாங்கும்போதே கழுத்தருகே நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் படர்ந்திருக்கும். ஆலையிலேயே சூடு காட்டியதன் தடம் அது. அம்மோனியா கலந்த பாலிஷால் கூட்டைத் தேய்க்காதீர்கள் என்று அனுபவசாலிகள் எச்சரிப்பதும் இதனால்தான்.

எத்தனை முறைக்கு ஒருமுறை? போட்டிக்காரர்களில் பலர் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் செய்கிறார்கள். வேட்டைக்காரர்கள் மூன்று நான்கு முறைக்கு ஒருமுறை செய்து திருப்தி அடைகிறார்கள். ஒருபோதும் செய்யாமலே கோப்பை வெல்கிறவர்களும் உண்டு. இதில் நியாயம் முதல் தரப்பின் பக்கமே அதிகம்: ஒவ்வொரு முறையும் செய்தால்தான் அச்சுக்குள் போகும் கழுத்துகள் எல்லாம் ஒரே பதத்தில் இருக்கும். கூட்டின் ஆயுள் மட்டுமே நோக்கமென்றால் அவ்வளவு அவசரமில்லை. கைத்துப்பாக்கியின் நேர்க்குழல் கூடுகளுக்குப் பெரும்பாலும் இந்த வேலையே தேவைப்படுவதில்லை.

எவ்வளவு அடிக்கடி என்பதைவிட எப்படி என்பதில்தான் ஆபத்து. நொடிக்கணக்கில் பித்தளை இளக வேண்டுமானால் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூடு கழுத்திலும் அதற்குக் கீழே சரியும் தோளிலும் நிற்க வேண்டும். அடிப்பாகத்துக்கு இறங்கவே கூடாது. அழுத்தத்தைத் தாங்குவது அடிப்பாகத்தின் விறைப்புதான். அது இளகிவிட்டால், வெடிக்கும்போது பிளந்து கொதிக்கும் வாயு சுடுகிறவரின் முகத்தை நோக்கி வரக்கூடும். ஒருமுறை இளகிய அடியை வீட்டில் மீண்டும் விறைக்கவைக்க வழியில்லை. அந்தக் கூடு குப்பைக்குத்தான். பழைய முறையில் கூடுகளைத் தட்டில் பாதியளவு தண்ணீரில் நிறுத்தி, மேலே எரிவாயுச் சுடர் காட்டுவார்கள். எஃகைப் போலப் பித்தளை தண்ணீரில் தோய்த்தால் கடினமாவதில்லை. அடி சூடாகாமல் காப்பதே தண்ணீரின் வேலை. இன்று நியூசிலாந்தின் ஏ.எம்.பி. போன்ற மின்தூண்டல் இயந்திரங்கள், குறித்த சூட்டை ஒவ்வொரு கூட்டுக்கும் அச்சுப் பிசகாமல் தருகின்றன.

இவ்வளவு செய்தும் தீராத நோய் ஒன்றிருக்கிறது. கூடு நீண்டு நீண்டு அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துவிடும். வெளியே பளபளப்பான வளையமாகத் தெரியும். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு வருடினால் பள்ளம் தட்டுப்படும். அந்தக் கூட்டை எத்தனை முறை இளக்கினாலும் பயனில்லை. அடுத்த வெடிப்பில் அது இரண்டு துண்டாகலாம். இடுக்கியால் வாயை நசுக்கி, மறுபடி எடுக்க முடியாதபடி எறிந்துவிடுகிறார்கள்.