ராஜகோபுர வாசலுக்குள்ளேயே ஒரு நாட்டியப் பாடம் இருப்பது தெரியுமா?

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் திருவண்ணாமலையில் லட்சக்கணக்கான கண்கள் 2,668 அடி உயர மலை உச்சியையே பார்த்துக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் கீழே, கோயிலுக்குள், ஓர் ஆட்டம் நடப்பது தெரியுமா? அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவது வருஷத்துக்கு அந்த ஒரு தடவைதான். சும்மா வருவதில்லை, ஆடிக்கொண்டே வருவார்! தூக்கி வருகிறவர்களின் தோளும் காலும் ஒன்றாக அசைய, சுவாமி ஆனந்தத் தாண்டவம் ஆடுவார். சில நிமிஷம்தான். உடனே மேலே தீபம், கீழே அரோகரா!

இந்த ஊருக்கும் ஆடலுக்கும் உள்ள உறவு அதோடு நிற்கவில்லை. கிழக்கு ராஜகோபுரம் 217 அடி, 11 நிலை. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தது. அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாசலை மட்டும் விறுவிறுவென்று கடந்துவிடுகிறோம். அந்த வாசலின் இரண்டு பக்கச் சுவரிலும் சின்னச் சின்னச் சதுரங்களில் பெண்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? பரதரின் நாட்டிய சாஸ்திரம் நான்காம் அத்தியாயத்தில் சொல்லும் 108 கரணங்கள் என்ற ஆடல் அலகுகள் அவை! இப்படிக் கரணங்களை வரிசையாகச் செதுக்கிய தமிழ்நாட்டுக் கோயில்களாக ஆய்வாளர்கள் சொல்வது ஐந்தைத்தான்: தஞ்சைப் பெரிய கோயில், சிதம்பரம், கும்பகோணம் சாரங்கபாணி கோயில், விருத்தாசலம், நம் திருவண்ணாமலை.

தஞ்சையில் ஆடுபவர் சாட்சாத் சிவபெருமானே. அங்கே 81 கரணங்கள்தான் முடிந்திருக்கின்றன. மீதி 27 கற்கள் உளிக்காக இன்னும் காத்திருக்கின்றன. சிதம்பரத்தில் சிற்பத்தோடு சாஸ்திரத்தின் சுலோகத்தையும் பொறித்துவைத்தார்கள். ஆராய்ச்சிக்கு அது எவ்வளவு பெரிய உதவி! கடல் தாண்டி ஜாவாவில், பிரம்பானன் சிவன் கோயிலிலும் கரணச் சிற்பங்கள் உண்டு. அது தஞ்சைக் கோயிலுக்கும் நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது என்றால் நம்ப முடிகிறதா?

இனிமேல்தான் பெரிய ஆச்சரியம். கல்லில் இருப்பது முழுக் கரணம் அல்ல! ஓடும் வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தியதுபோல, ஒரு அசைவின் ஒரே ஒரு கணம். லலாடதிலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கால் கட்டைவிரல் நெற்றிக்குப் பொட்டு வைக்கப் போவதுபோல் மேலே எழும். அந்தக் கால் எங்கிருந்து புறப்பட்டது, எந்த வழியாக இறங்கும், அதுவரை கை என்ன செய்யும்? சிற்பி அதைக் காட்ட முடியாது. கரணம் என்பது நிலை அல்ல, அசைவு என்று வாதாடி, சாஸ்திரத்தையும் சிற்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தன் உடம்பிலேயே அவற்றை மீட்டெடுத்தவர் நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமண்யம். அவரும் வழுவூர் ராமையா பிள்ளையிடம் முறையாகக் கற்றவர். கோபுரத்துக் கல்லும் ஏட்டுச் சுலோகமும் பேச வேண்டுமென்றால், குருவிடம் பழகிய உடம்பு ஒன்று நடுவில் வேண்டியிருக்கிறது.

அந்தக் குரு என்னதான் செய்கிறார்? ஒரு பரதநாட்டிய வகுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எதிரே தட்டுமனை என்ற மரக்கட்டை, கையில் அதைத் தட்டும் தட்டுக்கழி. கை தாளத்தைத் தட்டுகிறது. வாய் "தெய்யா தெய்" என்று சொல்லுக்கட்டைச் சொல்கிறது. கண் மூன்றாவது வரிசையில் முழங்கை தொங்கிப்போன பிள்ளையைப் பிடித்துவிடுகிறது! எல்லாம் ஒரே நேரத்தில். அரைமண்டியில், அதாவது பாதி உட்கார்ந்த நிலையில், முழங்கால் பக்கவாட்டில் விரிய வேண்டும். அது முன்பக்கம் சாய்ந்தபடியே பழகிவிட்டால் பின்னால் மூட்டு வலிக்கும். தட்டடவு என்ற அடிப்படைக் கால் பயிற்சியை ஒன்றாம் காலத்தில், மெதுவாக, அழகாகப் போடும் பிள்ளைக்கு வேகமான மூன்றாம் காலத்தில் மண்டி தானாக எழும்பிவிடும். அந்தக் கணமே "உட்காரு, உட்காரு!" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு ஈடாக எந்த வீடியோவையும் என்னால் சொல்ல முடியவில்லை.

சிலப்பதிகாரத்து மாதவி எத்தனை வருஷம் கற்றாள் தெரியுமா? ஐந்து வயதில் தொடங்கி ஏழு வருஷம். பன்னிரண்டில் சோழன் முன்னால் அரங்கேற்றம். அதுவும் ஒரே ஆசிரியர் அல்ல! ஆடல் ஆசான், இசை ஆசிரியன், பாட்டு எழுதும் புலவன், தண்ணுமை, குழல், யாழ் என்று தனித்தனி வல்லுநர்கள். மேடைக்குக்கூட அளவு சொல்கிறார் இளங்கோ: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். தூணின் நிழல் ஆடுகிறவள்மேல் விழாதபடி விளக்கு வைத்தார்களாம். இன்றைக்கு மேடைக்கு லைட் போடுகிறவர்கள் படிக்க வேண்டிய பகுதி!

மாதவியைக் காவியம் என்று சொல்லிவிடலாம். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி நாம் அறிந்த வரலாறு. நான்கு வயதில் கந்தப்பப் பிள்ளையிடம் தொடங்கினார். 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் அரங்கேறினார். கந்தப்பப் பிள்ளையோ தஞ்சை நால்வர் பரம்பரை. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற அந்த நான்கு சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுங்குபடுத்திய வரிசையைத்தான் இன்றும் உங்கள் தெருவில் நடக்கும் வகுப்பில் கற்பிக்கிறார்கள்: அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா. இருநூறு வருஷம், வாயிலிருந்து காலுக்கு!

அடவு வந்துவிடும், அபிநயம்தான் கஷ்டம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் "நாயகன்மேல் கோபமாக இரு, ஆனால் அன்பு தெரியணும்" என்றால் அது எங்கே போகும்? அதற்கும் திருவண்ணாமலையில் ஒரு வழி இருக்கிறது. திருவூடல் தெரு என்றே ஒரு தெரு இருப்பது தெரியுமா? மாட்டுப் பொங்கலன்று மாலை அங்கே அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் ஊடல் நடக்கும். பதத்தில் தோழி தூது போவாள். இங்கே தூது போவது சுந்தரர்! பலிக்காது. அம்மன் தனியாகக் கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வாள். சுவாமிக்கு அன்றிரவு குமரக் கோயிலில்தான் தங்கல்; மறுநாள் கிரிவலம் போய் பிருங்கி முனிவருக்குக் காட்சி கொடுத்துத் திரும்பிய பிறகே சமாதானம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பதம் கற்கத் தொடங்கியிருந்தால் தை இரண்டாம் தேதி கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். டீச்சரையும் சேர்த்து அழைத்துப் போங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.