மாவுக்கட்டிலிருந்து மறுநாள் நடைக்கு

கபடி, கால்பந்து ஆடும் பிள்ளைகள் நடுங்கும் சொல் ஒன்று உண்டு: "முட்டி ஜவ்வு கிழிஞ்சிருச்சு." மூட்டுக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் குறுக்காகப் பிணைத்திருக்கும் ஏசிஎல்லைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள். அது அறுந்தால் சட்டென்று திரும்பும்போது முட்டி நழுவும்.

அறுந்ததைத் தைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1895-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு அப்படித் தைத்தார். அவருக்குப் பலித்தது, பின்னால் வந்த பலருக்குப் பலிக்கவில்லை. மற்ற இடங்களில் காயம் பட்டால் இரத்தம் உறைந்து, அந்த உறைவைப் பற்றிக்கொண்டு புதுத் திசு வளரும். மூட்டு நீருக்குள் அந்த உறைவு நிலைப்பதில்லை.

ஆகவே உடலின் வேறிடத்திலிருந்து நாண் எடுத்துப் பொருத்தும் வழி வந்தது. 1917-இல் பிரிஸ்டலின் ஹே குரோவ்ஸ், தொடையின் வெளிப்பக்கப் பட்டையை எலும்பில் துளையிட்டு நுழைத்தார். துளையிடும் அந்த யோசனை இன்றும் மாறவில்லை. இடையில் கார்பன் இழை, கோர்-டெக்ஸ் என்று செயற்கை நாண்கள் வந்தன. மூட்டுக்குள் நைந்து, துகள் உதிர்ந்து, முட்டியை வீங்க வைத்தன. இன்று பெரும்பாலும் தொடையின் பின்புறத் தசைநாணை மடித்து வைக்கிறார்கள், அல்லது முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள நாணை இருமுனையிலும் எலும்புத் துண்டோடு எடுக்கிறார்கள். முன்பு முட்டியையே திறந்தார்கள். இப்போது சிறு துளைகளும் ஆர்த்ரோஸ்கோப் கேமராவும் போதும்.

என்னைக் கேட்டால், கேமராவைவிடப் பெரிய மாற்றம் மாவுக்கட்டு போனதுதான். அறுவைக்குப் பிறகு வாரக்கணக்கில் கட்டுப் போட்டுக் கிடந்த கால், கட்டைப் பிரிக்கும்போது குச்சியாகி இருக்கும். முட்டி மடங்காது, முழுதாக நீளவும் செய்யாது. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஷெல்போர்ன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: மருத்துவர் பேச்சை மீறிச் சீக்கிரமே காலை ஊன்றியவர்கள், சொன்னபடி கேட்டவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். நோயாளிகளை ஒழுங்காகப் பார்த்த அந்தக் கண்ணை நான் வணங்குகிறேன். 1990-இல் அவரும் நிட்ஸ் என்பவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பிறகு சீக்கிரம் நீட்டுவதும் நடப்பதும் முறையாகவே ஆனது.

நடக்கத்தான் அவசரம், மைதானத்துக்கு அல்ல. வைத்த நாணுக்குள் இரத்தக் குழாய்கள் புகுந்து அது ஜவ்வாக மாற மாதங்கள் பிடிக்கும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், திரும்பி ஆடுவதை 9 மாதம் வரை ஒவ்வொரு மாதமாகத் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆறாம் மாதமே போட்டிக்கு அழைக்கும் பயிற்சியாளரிடம், அறுவை செய்த காலின் தொடைப் பலம் மற்றக் காலுக்கு இணையாகிவிட்டதா என்று வீட்டார் கேட்க வேண்டும்.