கெர்னல் ஒன்றுதான், படம்தான் வேறு

லினக்ஸ் கணினியில் ஓடிடி படங்கள் ஓடாது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். ஓடும். குரோம் உலாவியில் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஃபயர்பாக்ஸில் அமைப்புகளுக்குள் போய், நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டுள்ள படைப்புகளை இயக்க அனுமதிக்கும் பெட்டியில் ஒரு டிக் போட்டால் போதும். அந்தப் பூட்டைத் திறக்கும், கூகுளின் வைட்வைன் என்ற சிறு நிரல் தானாக இறங்கிக்கொள்ளும். குரோமின் திறமூல வடிவமான குரோமியத்தை மூல நிரலிலிருந்து நேரடியாகக் கட்டினால் அந்த நிரல் கூட வராது, தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும். சிக்கல் இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. படம் ஓடுகிறது, ஆனால் தெளிவு குறைந்து ஓடுகிறது. 4கே திட்டத்துக்குச் சந்தா கட்டியவருக்கும் அந்தத் திரையில் 4கே கிடைப்பதில்லை. லினக்ஸுக்கு அவ்வளவுதான் திறமை என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். அது நிற்காத விளக்கம். ஆண்ட்ராய்டு தொலைக்காட்சி, சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் ஆகிய மூன்றுக்கும் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். அவற்றில் அதே படம் 4கே தெளிவில் வருகிறது. அப்படியானால் குறை கெர்னலில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

அது எங்கே என்று அறிய, பூட்டு வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஓடிடி தளம் படத்தைச் சில விநாடி நீளத் துண்டுகளாக நறுக்கி, 128 பிட் சாவி கொண்ட ஏஇஎஸ் முறையில் மறையாக்கி வைத்திருக்கிறது. துண்டுகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சாவி இல்லாவிட்டால் அவை அர்த்தமற்ற எண்குவியல். நாம் பிளே பொத்தானை அழுத்தியதும், எந்தச் சாவி வேண்டும் என்ற குறிப்பை உலாவி வைட்வைனிடம் தருகிறது. வைட்வைன் ஒரு கோரிக்கை எழுதித் தர, அது உரிம சர்வருக்குப் போகிறது. சர்வர் சாவியை இன்னொரு மறையாக்க உறைக்குள் போட்டுத் திருப்பி அனுப்புகிறது. அந்த உறையை வைட்வைன் மட்டுமே பிரிக்க முடியும். எந்த இடத்தில் வைத்துப் பிரிக்கிறது என்பதில்தான் தெளிவு தீர்மானமாகிறது. எல்1 என்ற உயர் நிலையில், செயலிக்குள்ளேயே இருக்கும் டிரஸ்ட்ஸோன் போன்ற தனி அறையில் சாவியும் படமும் கையாளப்படுகின்றன. இயங்குதளம்கூட உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. எல்3 என்ற கடைசி நிலையில் எல்லாமே சாதாரண நினைவகத்தில், மென்பொருளாகவே நடக்கிறது. நாம் நிறுவிக்கொள்ளும் உபுண்டு, டெபியன், ஃபெடோரா கணினிகளுக்குக் கிடைப்பது இந்த எல்3. எல்3 என்றதும் தளங்கள் தெளிவைக் குறைத்துவிடுகின்றன.

மறையாக்கத்தின் வழக்கமான கதையில் மூன்று பேர் இருப்பார்கள்: அனுப்புபவர், பெறுபவர், நடுவில் ஒட்டுக்கேட்பவர். வங்கிப் பரிமாற்றம் பாதுகாப்பாக நடப்பது இந்த மூவரும் வெவ்வேறு ஆட்கள் என்பதால்தான். நகல் தடுப்பில் பெறுபவரும் ஒட்டுக்கேட்பவரும் ஒரே ஆள். படம் பார்க்க அவருக்குச் சாவி தந்தாக வேண்டும். நகலெடுக்காமலிருக்க அதே சாவியை அவரிடமிருந்து மறைத்தாக வேண்டும். கணிதத்தில் இதற்குத் தீர்வு கிடையாது. கணினியின் ஒரு பகுதி அதன் சொந்தக்காரர் சொல்வதைக் கேட்காதபடி செய்வதுதான் மிஞ்சும் வழி. தொலைக்காட்சிப் பெட்டியில் அதைத் தொழிற்சாலையே செய்து அனுப்பிவிடுகிறது. லினக்ஸ் மேசைக் கணினியிலோ, சொந்தக்காரர் நினைத்தால் கெர்னலையே திருத்திக் கட்டிக்கொள்ளலாம். எந்தச் சுதந்திரத்துக்காக லினக்ஸைத் தேர்ந்தெடுத்தாரோ அந்தச் சுதந்திரமே அவரைச் சந்தேகத்துக்குரியவராக்குகிறது.

இந்தச் சந்தேகம் புதிதல்ல. டிவிடி தட்டுகளில் 40 பிட் சாவி கொண்ட சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருந்தது. 1999-இல் அதை உடைத்த டிசிஎஸ்எஸ் நிரலை வெளியிட்ட நார்வேச் சிறுவன் ஜான் ஜொஹான்சனுக்கு அப்போது வயது 15. லினக்ஸில் டிவிடி பார்க்க வழி வேண்டும் என்பதே அவர் தரப்பு வாதம். 2003-இல் இரண்டு நீதிமன்றங்கள் அவரைக் குற்றமற்றவர் என்றன. பின்னாளில் நெட்ஃபிளிக்ஸ் மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் என்ற உலாவிச் செருகுநிரலை நம்பியிருந்தபோது, 2013-இல் வந்த பைப்லைட் என்ற நிரல், விண்டோஸுக்கான சில்வர்லைட்டை, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக லினக்ஸ் உலாவிக்குள் ஓட்டிக் காட்டியது. 2014-இல்தான் குரோம் வழியாக நேர்வழி திறந்தது. காசு கொடுத்து வாங்கியதைப் பார்ப்பதற்காக இத்தனை பாடுபட்டவர்களைத் திருடர்கள் வரிசையில் நிறுத்துவது அநியாயம்.

திருட்டு நகலைத் தடுக்க வேறு வழி என்ன என்று தயாரிப்பாளர்கள் கேட்பார்கள். கோடிக்கணக்கில் பணம் போட்டவர்களின் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தக் கவலைக்கு இந்தப் பூட்டு மருந்தாகிறதா என்று பார்க்க வேண்டும். திரைக்குப் போகும் கம்பியைக் காக்கும் எச்டிசிபி முறையின் தலைமைச் சாவி 2010-இலேயே வெளியே கசிந்தது. கசிந்தது உண்மையான சாவிதான் என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. வைட்வைன் எல்3-ஐ உடைத்துவிட்டதாக 2019-இல் ஓர் ஆய்வாளர் அறிவித்தார். எல்1 காவலில் இருக்கும் 4கே படங்களின் நகல்களும் இணையத்தில் உலவத்தான் செய்கின்றன. உலகில் ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை உடைத்தால் போதும். மற்றவர்கள் எந்தப் பூட்டும் இல்லாத கோப்பை இறக்கிக்கொள்கிறார்கள், அது லினக்ஸிலும் 4கே-யில் ஓடுகிறது. பூட்டின் முழுச் சுமையும் சந்தா கட்டியவர் தலையில்தான் விழுகிறது. விலைக்கு விற்ற பாட்டுகளின் பூட்டை 2009-இல் ஐடியூன்ஸ் கழற்றியது. இசை வியாபாரம் அதனால் அழிந்துவிடவில்லை.

பாட்டு விலைக்கு வாங்குவது, ஓடிடி மாத வாடகைக்குப் பார்ப்பது, இரண்டும் ஒன்றல்லவே என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஒரு மாதச் சந்தாவில் நூறு படங்களைச் சேமித்துக்கொண்டு விலகிவிடலாம் என்றால் அந்த வியாபாரம் நடக்காது. ஆனால் சாதாரணப் பார்வையாளர் அப்படிச் சேமிப்பதைத் தடுக்க எல்3 பூட்டே போதும். அதையும் உடைக்கத் தெரிந்த சிலருக்காக, உடைக்கத் தெரியாத எல்லோருக்கும் மங்கல் படம் என்பது எந்தக் கணக்கிலும் சேராது. ஆகவே பூட்டையே கழற்று என்றுகூட இங்கே கேட்கவில்லை. தெளிவைக் குறைக்காதே என்பதுதான் கோரிக்கை.

இன்னொரு கவலையும் இருக்கிறது, எனக்கு அதுவே பெரியது. வைட்வைன், மூல நிரல் வெளியிடப்படாத ஒரு நிரல். அதனால்தான் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா, உலாவிக்குள் பூட்டைச் சேர்க்க 2014-இல் அரைமனதோடு சம்மதித்தபோது, அந்த வகை நிரலைக் கணினியின் மற்ற பகுதிகளைத் தொட முடியாத ஒரு கூண்டுக்குள் வைத்தே இயக்குவதென்று முடிவுசெய்தது. பூட்டை உலாவியோடு இணைக்கும் இஎம்இ முறையை டபிள்யூ3சி அமைப்பு 2017 செப்டம்பரில் இணையத் தரமாக ஏற்றது. ஆதரவு 108, எதிர்ப்பு 57, நடுநிலை 20. பூட்டில் உள்ள ஓட்டைகளைச் சுட்டும் ஆய்வாளர்கள் மேல் வழக்குப் போட மாட்டோம் என்ற உறுதிமொழியையாவது சேர்க்கும்படி டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பு வாதாடிப் பார்த்தது. ஏற்கப்படாததால் டபிள்யூ3சி-யிலிருந்து விலகியது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது, அதனால் வழக்கு வரும் என்ற ஆய்வாளர்களின் அச்சம் வெறும் கற்பனையல்ல. நம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு இதைவிட நிதானமானது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் தண்டனை. நிரல் மூடியிருப்பதால் புதிய வன்பொருளுக்கும் கூகுளையே எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய சக்தி செயலிக்கு லினக்ஸையும் உலாவியையும் கட்டிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. வைட்வைனை மட்டும் கூகுள் தந்தால்தான் உண்டு. ராஸ்பெரி பை கணினிக்கே 2021-இல்தான் அது முறையாக வந்தது. அதுவரை குரோம்புக் மென்பொருளிலிருந்து உருவியெடுத்துத்தான் பலர் படம் பார்த்தார்கள்.

ஓடிடி நிறுவனங்கள் இவை எதையும் மாற்ற மறுக்கலாம். ஆனால் சந்தாப் பணத்தை வாங்குவதற்கு முன்னால், வாடிக்கையாளரின் கணினியையும் உலாவியையும் அவர்களுடைய தளத்தால் அடையாளம் காண முடியும். இந்தக் கணினியில் இந்தப் படம் எவ்வளவு தெளிவில் வரும் என்ற ஒற்றை வரியைப் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே காட்ட எந்த ஸ்டூடியோவின் அனுமதியும் தேவையில்லை.