வெசாக் ஓர்க்கிட்

வெசாக் ஓர்க்கிட் இலங்கைக்கே உரிய காட்டுத் தாவரம். தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் மரங்களைப் பற்றி, மெல்லிய தண்டுகள் கீழே தொங்க வளர்கிறது. பௌத்தப் பண்டிகையான வெசாக் வரும் மே மாதத்தையொட்டி இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கள் கொத்தாக மலரும். அந்த அழகே இதற்கு வினையானது. விற்பனைக்காக மரத்திலிருந்து செடிகளைப் பிய்த்தெடுத்தார்கள், காடழிப்பும் சேர்ந்துகொண்டது. தூசி போன்ற இதன் விதையில் உணவுச் சேமிப்பு இல்லை. உரிய பூஞ்சணம் துணை நின்றால்தான் காட்டில் முளைக்கும். ஆகவே, போன செடிக்கு ஈடாக இன்னொன்று எளிதில் வராது. ஆனால் ஆய்வுகூடத்தில், கண்ணாடிக் குடுவையிலுள்ள ஊட்டக்கூழில் ஓர்க்கிட் விதைகளை முளைக்கவைக்கலாம். காட்டுச் செடியைப் பறிப்பது சட்டப்படி குற்றம். கொழும்பில் ஓர்க்கிட் வாங்குவோர், நாற்றுமேடையில் வளர்த்த செடிதானா என்று கேட்டு வாங்குங்கள்.