நாலு நூல் இடைவெளி

1968-ஆம் ஆண்டு மாடலாக பிளைமத் கொண்டுவந்த ரோடு ரன்னர் காரின் ஹாரன், கார்ட்டூன் பறவையைப் போலவே ‘பீப் பீப்’ என்று கத்தும். 383 கன அங்குல வி8 எஞ்சினும் நாலு கியர் மேனுவல் பெட்டியும் அடிப்படை விலையிலேயே அடக்கம். கையால் கியர் போட மனமில்லாதவர்கள் கூடுதல் பணம் கொடுத்து ‘டார்க்ஃப்ளைட்’ ஆட்டோமேட்டிக் வாங்கினார்கள். இன்று கதை திரும்பிவிட்டது. அன்று ஆட்டோமேட்டிக்காக விற்ற வண்டி கையில் கிடைத்தால், ஆட்டோமேட்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு நாலு கியர் பெட்டியை மாட்டத் துடிக்கும் ஆர்வலர்கள் அமெரிக்காவில் ஏராளம்.

அவர்கள் தேடும் பெட்டியின் பெயர் ஏ-833. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பகுதியில் இயங்கிய நியூ பிராசஸ் கியர் ஆலையின் தயாரிப்பு. 1964 மாடல் வண்டிகளில் அறிமுகமானது. பெட்டி, பெல் ஹவுசிங், ஃப்ளைவீல், கிளட்ச், பெடல் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க மாதக்கணக்கில் ஆகும். கடைசியில் எல்லாம் வந்து, வண்டியை உயர்த்தி, பெட்டியை ஜாக்கில் ஏற்றி உள்ளே தள்ளினால், பெல் ஹவுசிங்குக்கு அரை அங்குலம் முன்னால் அது நின்றுவிடும். நம் ஊர்ப் பட்டறைக் கணக்கில் நாலு நூல் இடைவெளி.

இந்த இடத்தில்தான் பொறுமை தேவை. நீளமான போல்ட்டுகளை நாலு மூலையிலும் மாட்டி மாற்றி மாற்றி முடுக்கினால் இடைவெளி மறையக்கூடும். அதற்கான விலை பெரியது. பெட்டியின் காது உடையலாம். உடையாமல் தப்பினால் இன்னும் மோசம்: உள்ளே இன்புட் ஷாஃப்ட்டின் முனை கிராங்க் ஷாஃப்ட்டை முட்டி, எஞ்சினின் த்ரஸ்ட் பேரிங்கையும் பெட்டியின் முன் பேரிங்கையும் ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கும். ஒழுங்காகப் பொருந்தும் பெட்டி கை அழுத்தத்திலேயே வந்து உட்கார்ந்துவிடும். உட்காரவில்லை என்றால் எதுவோ தடுக்கிறது. அது எது என்று கண்டுபிடிக்கும்வரை போல்ட்டைத் தொடக்கூடாது.

முதல் சந்தேகம் கிளட்ச் பிளேட்டின் மீது விழும். அது நடுவில் இல்லாமல் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும், ஷாஃப்ட்டின் பற்கள் நுழைந்தபின் முனை கிராங்க் ஷாஃப்ட்டின் நடுத்துளையைத் தவறவிட்டுவிடும். அதனால்தான் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றை டம்மியாகச் செருகி, பிளேட்டை நடுவில் பிடித்துக்கொண்டு பிரஷர் பிளேட்டை முடுக்குவார்கள். பிளேட் அந்தப் பெட்டிக்கு உரியதுதானா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். 440, ஹெமி போன்ற பெரிய எஞ்சின்களுக்கான ஏ-833 ஷாஃப்ட்டில் 18 பற்கள், மற்றவற்றில் 23. தரையில் வைத்துக் கையால் செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெட்டியின் முன்பக்க ரிடெய்னர் பெல் ஹவுசிங்கின் துளைக்குள் போகிறதா என்பதையும் அப்படியே தரையில் சோதிக்கலாம், ஏனென்றால் அந்த வளையமும் எல்லா வண்டிகளிலும் ஒரே அளவில் வரவில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தால், கிளட்ச்சை முழுவதும் கழற்றிவிட்டு வெறும் ஃப்ளைவீலை மட்டும் வைத்துப் பெட்டியை மீண்டும் ஏற்றிப் பார்க்க வேண்டும். இப்போது ஒட்டிக்கொண்டால் குற்றவாளி கிளட்ச். இப்போதும் அதே நாலு நூல் நின்றால், பழி கிராங்க் ஷாஃப்ட்டின் மீது.

மேனுவல் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட்டுக்குப் பின்னால் பெட்டியின் பேரிங் தாங்கல். முன் முனைக்குத் தாங்கல், கிராங்க்கின் நடுவில் துளையிட்டுச் செருகிய பைலட் புஷ். கிளட்ச்சை மிதிக்கும்போது எஞ்சின் ஒரு வேகத்திலும் ஷாஃப்ட் வேறு வேகத்திலும் சுற்றும். அந்த நேரத்தில் முனை ஆடாமல் பிடித்துக்கொள்வது எண்ணெய் ஊறிய இந்தச் சின்ன வெண்கல வளையம்தான். ஆட்டோமேட்டிக்குக்கு இது வேண்டாம். அதன் டார்க் கன்வர்ட்டர், கிராங்க்கின் வாயிலுள்ள அகலமான குழியில் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே ஆட்டோமேட்டிக்குக்குப் போகும் பல கிராங்க்குகளில் உள்துளையை பிளைமத்தின் தாய் நிறுவனமான கிரைஸ்லர் முழு ஆழத்துக்குக் குடையவில்லை, அல்லது சரியான அளவுக்குச் சீவவில்லை. அன்று ஆலையில் மிச்சப்படுத்திய அந்த ஒரு வேலைதான் இன்று நாலு நூல் இடைவெளியாக வந்து நிற்கிறது.

ஊகிக்கத் தேவையில்லை, ஷாஃப்ட் முனையில் ஒரு துளி களிமண் ஒட்டித் தள்ளினால் எங்கே முட்டுகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். துளையின் ஆழத்தையும் முனையின் நீளத்தையும் அளந்து ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

முறையான தீர்வு, கிராங்க்கை வெளியே எடுத்து லேத்தில் கட்டிக் குடைவது. அதற்கு எஞ்சினையே பிரிக்க வேண்டும். ஆர்வலர்கள் கண்டுபிடித்த வழி எளிது. 1992-இல் வந்த மேக்னம் எஞ்சின்களுக்கென கிரைஸ்லர் தயாரித்த பைலட் ரோலர் பேரிங், 1968 முதல் வந்த கிராங்க்குகளின் கன்வர்ட்டர் குழியில் கச்சிதமாக உட்காரும். உள்துளை ஆழம் போதவில்லை என்றால் ஷாஃப்ட்டின் முனையை அளந்து வெட்டுகிறார்கள். கடினப்படுத்திய எஃகு என்பதால் ரம்பம் ஏறாது. கட்டிங் வீல்தான் வேண்டும். அசல் பாகத்தை வெட்டுவது பலருக்கு மனம் ஒப்பாத வேலை. ஆனால் முழு எஞ்சினைப் பிரிப்பதற்கு இது நியாயமான மாற்றுதான்.

துளை சரியாக இருந்து வெண்கல புஷ்ஷே போடுகிறவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. அடித்து இறக்கும்போது புஷ்ஷின் உள்விட்டம் லேசாகச் சுருங்கும். கையில் இருந்தபோது வழுக்கிக்கொண்டு போன ஷாஃப்ட், கிராங்க்கில் ஏறியபின் இறுகிக்கொள்ளும். டம்மி ஷாஃப்ட்டை விட்டுச் சுழற்றிப் பார்த்துவிட்டே பெட்டியைத் தூக்க வேண்டும்.

பெட்டி ஒட்டி, போல்ட்டுகள் முடுக்கியாயிற்று. புரொப்பல்லர் ஷாஃப்ட்டை மாட்டுமுன் ஒரு சோதனை பாக்கி. ஒருவர் கிளட்ச்சை மிதித்துப் பிடிக்க, கியரில் போட்டு, இன்னொருவர் கீழே படுத்துப் பெட்டியின் பின் ஷாஃப்ட்டைக் கையால் திருப்ப வேண்டும். இலகுவாகச் சுற்றினால் வேலை முடிந்தது. கிளட்ச் முழுதாக விடுபட்டும் பின் ஷாஃப்ட் அசைய மறுத்தால் புஷ் ஷாஃப்ட்டைக் கவ்வியிருக்கிறது. பெட்டியை மறுபடி இறக்க வேண்டியதுதான்.